ஒருநாள் விட்டதற்கு மறுநாள் இரட்டிப்பா?

கேள்வி: எனக்கு 41 வயது. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவையாவது உடற்பயிற்சியை ஆரம்பிப்பேன். சில வாரம் ஒழுங்காகப் போகும். ஒருநாள் தவறிவிட்டால் மனசு அடித்துக்கொள்ளும். விட்டதை அடைத்துவிட வேண்டும் என்று மறுநாள் உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியை 40-க்குப் பதில் 80 போடுவேன், ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிடுவேன். பதினொரு மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் காலியாகும்வரை மூட மாட்டேன். காலையில் பார்த்தால் எடை ஏறியிருக்கும். அதோடு எல்லாம் நின்றுவிடும். இப்போது மாடிப்படி இறங்கும்போது வலது முழங்காலில் முன்பக்கம் வலி வேறு. 'உன்கிட்ட நீயே கொஞ்சம் அன்பாயிரு' என்கிறாள் தோழி. நான் ஏற்கெனவே சோம்பேறி. அன்பாகவும் இருந்துவிட்டால் எழுந்திருக்கவே மாட்டேனே? கையில் கட்டியிருக்கும் வாட்ச் தினமும் 10,000 அடி கேட்கிறது. அதைக் கழற்றிவிடலாமா?

பதில்: சோம்பேறிகள் 80 ஸ்குவாட் போடுவதில்லை. உங்கள் கடிதத்தில் உழைப்புக்குக் குறைவே தெரியவில்லை. தவறிப்போன அந்த ஒரு நாளால் உங்களுக்குப் பைசா நஷ்டமில்லை. மறுநாள் நீங்களே போட்டுக்கொண்ட தண்டனைதான் முழங்காலையும் தூக்கத்தையும் சாப்பாட்டையும் ஒருசேரக் கெடுத்திருக்கிறது. தோழி சொல்வதை மென்மையான அறிவுரையாக எடுத்துக்கொள்ளாமல், பயிற்சி அறுந்துபோகாமல் இருப்பதற்கான ஏற்பாடாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்படித்தான் இந்தப் பதிலையும் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒருநாள். பயிற்சிக்குப் பழகிய உடம்பில் தசை வலிமை இரண்டு மூன்று வாரம் ஓய்வெடுத்தாலும் பெரிதாகக் குறையாது. நடை, ஓட்டத்துக்கு வேண்டிய மூச்சுத்திறன் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் உணரும்படி இறங்கத் தொடங்கும். ஒரு நாள் விடுப்பில் இரண்டுமே அசையாது. பல சமயம் அன்றுதான் தசை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஆக, அடைக்க வேண்டிய கடன் என்று ஒன்று கிடையவே கிடையாது.

இப்போது அந்த 80-ஐப் பார்ப்போம். திங்கள் விட்டுவிட்டீர்கள், செவ்வாய் 80 போடுகிறீர்கள் என்று வையுங்கள். பழக்கமில்லாத அளவு வேலை செய்த தசையில் வலி உடனே வராது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும். அதாவது புதன், வியாழன், வெள்ளி. வியாழன் உட்காரவே முடியாது, அன்றைக்குப் பயிற்சி மறுபடி போச்சு. சனிக்கிழமை மறுபடி குற்ற உணர்ச்சி, மறுபடி 80. மூன்று வாரத்தில் எல்லாம் நின்றுபோவதற்கு மன உறுதி இல்லாததைக் காரணம் சொல்லத் தேவையில்லை, இந்தக் கால அட்டவணையே போதும்.

முழங்கால் விஷயமும் இங்கிருந்துதான் வருகிறது. முழங்கால் சில்லு, தொடை எலும்பின் முனையில் உள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கிப் போய்வரும். ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போதும் படி இறங்கும்போதும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த இழுப்பில் சில்லு எலும்போடு சேர்த்து அழுத்தப்படுகிறது. படிகளில் இந்த அழுத்தம் உடல் எடையைப்போல் மூன்று மடங்கு அளவுக்குப் போகும். எண்ணிக்கை கூடி முன்தொடை களைத்த பிறகு முழங்கால் உள்பக்கம் சாயும், குதிகால் தரையை விட்டு எழும்பும், இடுப்பு செய்ய வேண்டிய வேலையையும் முழங்காலே செய்யும். தசை சில வாரங்களில் பலப்பட்டுவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் பழக அதைவிட அதிக காலம் பிடிக்கும். ஒரே நாளில் இரட்டிப்பு என்பது தசைக்கே அதிகம், மூட்டுக்கு இன்னும் அதிகம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்டனைப் பயிற்சிக்கு மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் கருத்துப் போனால், தசை தாங்க முடியாத அளவுக்கு வீங்கி வலித்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. அரிதுதான், ஆனால் திடீரென்று அளவை ஏற்றுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது.

அன்பாக இருந்தால் சோம்பல் கூடுமா என்ற உங்கள் சந்தேகம் பலருக்கும் உண்டு. இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களுக்கு வேண்டுமென்றே கடினமான ஒரு தேர்வு வைத்தார்கள். சொதப்பியவர்களில் ஒரு பகுதியினரிடம், இது கஷ்டமான தேர்வுதான், பலருக்கும் இப்படித்தான் ஆகிறது, உங்களை நீங்களே வாட்டிக்கொள்ளாதீர்கள் என்ற பொருளில் பேசினார்கள். மறுதேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள் அவர்கள்தான். 2007-இல் வெளியான இன்னொரு ஆய்வு உங்கள் பிஸ்கட் டப்பாவுக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. சாப்பாட்டில் எப்போதும் கட்டுப்பாட்டோடு இருக்கும் பெண்களை முதலில் ஒரு டோநட் சாப்பிடச் சொல்லிவிட்டு, பிறகு மிட்டாய்களைச் சுவைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். டோநட் தின்றதற்காக நொந்துகொள்ள வேண்டாம் என்று இடையில் ஒரு வார்த்தை கேட்டவர்கள், கேட்காதவர்களைவிடக் குறைவாகவே மிட்டாய் தின்றார்கள். இரண்டுமே ஆய்வுக்கூடத்தில் சிறிது நேரம் நடந்தவை. இதை வைத்து வாழ்க்கை முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் திட்டினால்தான் வேலை நடக்கும் என்ற நம்பிக்கைக்கு எதிராகவே இரண்டும் நிற்கின்றன. 'எப்படியும் கெட்டுப்போச்சு, இனி என்ன இருக்கு' என்ற அந்தப் பதினொரு மணி நினைப்பு, தன்னைத் திட்டிக்கொண்ட பிறகு வருகிற நினைப்பு.

அதற்குமேல் ராத்திரிச் சாப்பாட்டையும் விடுகிறீர்கள். அதிக உழைப்பு, குறைந்த சாப்பாடு, களைத்த மூளை, கைக்கெட்டும் இடத்தில் இனிப்பு. இந்த நான்கும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் டப்பாவைத் திறப்பார்கள். பயிற்சி செய்த நாளில் ராத்திரிச் சாப்பாடு கட்டாயம். அதில் புரதம் இருக்கட்டும். தசைப் பயிற்சி செய்கிறவருக்கு நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் நல்ல அளவு. 60 கிலோ எடையுள்ளவர் என்றால் 72 முதல் 96 கிராம். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைக் கூட்டக் கூடாது.

மறுநாள் எடை இயந்திரம் காட்டியது என்ன என்று பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி உபரியாக வேண்டும். பிஸ்கட் டப்பா 600 கலோரி என்று வைத்தால், அத்தனையும் கொழுப்பாகவே மாறினாலும் 80 கிராமைத் தாண்டாது. ஆனால் இயந்திரம் 900 கிராம், ஒரு கிலோ என்று கூடக் காட்டும். மீதியெல்லாம் தண்ணீர். மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேரும்போது ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். உப்பு தண்ணீரைப் பிடிக்கும். முந்தின நாள் வறுத்தெடுத்த தசையில் சிறு வீக்கம் இருக்கும், அதிலும் தண்ணீர். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் இன்னும் கொஞ்சம். நாளுக்கு நாள் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். ஆகவே ஒற்றை நாள் எடையைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். எடை பார்ப்பதானால் காலையில் கழிவறை போய்வந்த பின், எதுவும் சாப்பிடாமல், தினமும் பார்த்து வாரச் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிலக்குச் சுழற்சி உள்ளவர்கள் போன மாதம் இதே கட்டத்தில் இருந்த எடையோடு ஒப்பிட்டால் இன்னும் சரியாக இருக்கும். அந்த எண் உங்கள் நாளையே கெடுக்கிறது என்றால் இரண்டு மாதத்துக்கு இயந்திரத்தை எடுத்து உள்ளே வையுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எத்தனை தடவை எழுந்தீர்கள், அதே தூரத்தை நடக்க எவ்வளவு நேரமானது என்ற இரண்டும் அதைவிட நேர்மையான அளவுகள்.

இனி திட்டம். ஒரே அளவில் ஒரு திட்டம் போட்டால் அதில் தேறலாம், இல்லை தோற்கலாம். நடுவில் நிற்க இடமில்லை. அதனால் ஒவ்வொரு பயிற்சி நாளுக்கும் மூன்று அளவுகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். முழு அளவு 30 நிமிடம், அரை அளவு 15 நிமிடம், குட்டி அளவு 6 நிமிடம். குட்டி அளவு எப்படியிருக்க வேண்டுமென்றால், உடை மாற்றாமல், வெளியே போகாமல், தூக்கக் கலக்கத்திலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். நாற்காலியிலிருந்து 8 தடவை எழுந்து உட்காருதல், சுவரில் கையூன்றி 8 தடவை தண்டால், வீட்டுக்குள்ளேயே மூன்று நிமிட நடை. அவ்வளவுதான். நோட்டில் மூன்றுக்கும் ஒரே டிக். இதுதான் முக்கியம். குட்டி அளவுக்குப் பாதி டிக் போட ஆரம்பித்தால் பழைய கணக்குப் புத்தகம் வேறு பெயரில் திரும்பி வந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. அதை இதில் எடுத்துவிட்டார்கள். உங்கள் ஆறு நிமிடத்துக்கும் மதிப்பு உண்டு. மிதமான உழைப்பு என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இரண்டு மூன்று வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

150 நிமிடத்தில் தொடங்க வேண்டாம். நடை முதல் வாரம் 60 நிமிடம், அதாவது 20 நிமிடமாக மூன்று நாள். அடுத்த வாரம் 75, அதற்கடுத்து 90. நான்காவது வாரம் ஏற்றாமல் 90-லேயே நில்லுங்கள். பிறகு 105, 120, 135. எட்டாவது வாரம் மறுபடி 135. ஒன்பதாவது வாரம் 150. நிறுத்தி வைக்கும் வாரங்களில் உற்சாகம் பொங்கி வழியும், 'சும்மா ஏற்றிப் பார்ப்போமே' என்று தோன்றும். உங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்பாடு தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

முழங்காலுக்கு: ஸ்குவாட்டை இப்போதைக்கு விட்டுவிட்டு நாற்காலிக்கு வாருங்கள். உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலி தாழ்வாக இருந்தால் மேலே ஒரு கெட்டியான தலையணை போடுங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில். மூன்று எண்ணி மெதுவாக உட்கார்ந்து, ஒன்று எண்ணி எழுந்திருங்கள். முழங்கால் கால் விரல்கள் பார்க்கும் திசையிலேயே போகட்டும். 8 தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 8. கூடவே மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவது 10, ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராக உயர்த்துவது பக்கத்துக்கு 10, இரண்டும் இரண்டு சுற்று. முழங்கால் வலிக்கு இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளுக்கு ஏன் பயிற்சி என்று கேட்காதீர்கள்; முழங்கால் உள்பக்கம் சாயாமல் பிடித்து நிறுத்துவதில் அவற்றுக்குப் பெரிய பங்குண்டு. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. நாற்காலியில் 12 தடவை இரண்டு சுற்றும் சுலபமாக வந்த பிறகு தலையணையை எடுங்கள்.

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அளந்துகொள்ளுங்கள். பயிற்சியின்போது 3 வரை இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். 4, 5 என்று போனாலோ மறுநாளும் கூடுதலாக இருந்தாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். முழங்கால் வீங்கினால், மடக்கி நீட்டும்போது பூட்டிக்கொண்டால், நடக்கும்போது சட்டென்று மடங்கினால் பயிற்சியைத் தொடராமல் மருத்துவரைப் பாருங்கள்.

இடைவெளி விழுந்தால் எங்கிருந்து தொடங்குவது? மூன்று நாள் வரை என்றால் விட்ட இடத்திலிருந்து, எதுவுமே நடக்காத மாதிரி. ஒரு வாரம் என்றால் முதல் இரண்டு தடவை ஒரு சுற்றைக் குறைத்துச் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரம் என்றால் பாதியில் தொடங்கி இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் முதல் வாரத்திலிருந்து; ஆனால் ஒருமுறை பலப்பட்ட தசை இரண்டாம் முறை வேகமாகத் தேறும், முன்போல ஒன்பது வாரம் பிடிக்காது. காய்ச்சல் இருக்கும்போது எந்த அளவும் வேண்டாம், குட்டி அளவுகூட. விட்ட பிறகு ஒருநாள் பொறுத்து மெதுவான நடையில் ஆரம்பியுங்கள்.

தன்னிடம் பேசுகிற விஷயம். கண்ணாடி முன் நின்று 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்று சொல்லச் சொல்லும் யோசனைகள் உண்டு. சிலருக்குப் பிடிக்கிறது, பலருக்குக் கூச்சமாக இருக்கிறது, இரண்டு நாளில் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன். தவறிய அன்று நோட்டில் மூன்று வரி மட்டும் எழுதுங்கள். என்ன நடந்தது, ஏன், அடுத்தது எப்போது. 'நேற்று நடை போகவில்லை. வேலை ஒன்பது மணி வரை இழுத்தது, முந்தின ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூக்கம். இன்று சாயங்காலம் ஆறரைக்குக் குட்டி அளவு.' இதில் சோம்பேறி என்ற சொல்லுக்கு இடமில்லை, சமாதானத்துக்கும் இடமில்லை. இரண்டாவது வரியில் ஒரே காரணம் மூன்று வாரம் தொடர்ந்து வந்தால் மனசைக் குறை சொல்லாமல் நேரத்தை மாற்றுங்கள். சாயங்காலம் ஒத்துவரவில்லை என்பதை உங்கள் நோட்டே சொல்லிவிடும். தூக்கமும் இதில் சேர்த்திதான். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாட்களில் நேரடியாக அரை அளவுக்குப் போய்விடுங்கள்.

சரி, இது அன்பா, சாக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாக்கு அடுத்த நேரத்தைக் குறிப்பிடாது. 'இன்னைக்கு வேண்டாம்' என்பதோடு முடிந்துவிடும். 'இன்றைக்கு வேண்டாம், நாளை காலை ஆறரைக்கு' என்றால் அது நியாயமான ஓய்வு. இன்னும் சந்தேகமா, உடம்பு சுகமில்லாத நாளாகவும் இல்லையா, பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்கிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் உடம்பு கனத்தால் நிறுத்திவிடுங்கள். டிக் உண்டு. பெரும்பாலான நாட்களில் ஐந்தாவது நிமிடத்துக்குள் உடம்பு ஒப்புக்கொண்டுவிடும்.

பழக்கம் உருவாவது பற்றி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை கணக்கு வந்தது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பலர் நான்காவது வாரத்தில் சோர்ந்து போகிறார்கள். அதே ஆய்வில், நடுவில் ஒருமுறை தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றும் தெரிந்தது.

வாட்ச்சைக் கழற்ற வேண்டாம், இலக்கை மாற்றுங்கள். 10,000 அடி என்பது மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்ன எண் அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் 2019-இல் செய்த ஆய்வில் ஆயுள் சார்ந்த பலன் ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடவில்லை. உங்கள் வயதினருக்கு அந்த எண் அப்படியே பொருந்த வேண்டும் என்றில்லை. இந்த வாரத்துச் சராசரி எவ்வளவோ அதோடு 1,000 மட்டும் சேர்த்து இலக்கு வையுங்கள். தொடர் நாள் கணக்குக் காட்டும் வசதி இருந்தால் அதை மட்டும் அணைத்துவிடுங்கள். உங்கள் சுபாவத்துக்கு அது ஆகாது.

கடைசியாக, கடிதத்தில் என்னைக் கொஞ்சம் யோசிக்கவைத்த வரி அந்தப் பிஸ்கட் டப்பா. கட்டுப்பாடே இல்லாமல் சாப்பிடுவது வாரத்துக்கு ஒருமுறையாவது, மூன்று மாதமாக நடக்கிறதா? சாப்பிட்டதைக் கழிக்கத்தான் பயிற்சி என்றாகிவிட்டதா? வலி இருந்தும் பயிற்சியை விட முடியாமல் பதறுகிறீர்களா? வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, மூன்று மாதமாக மாதவிலக்கு வராதது, இவற்றில் ஏதாவது உண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ பாருங்கள். உண்ணுதல் சார்ந்த கோளாறுகளுக்குச் சிகிச்சை உண்டு. உடற்பயிற்சித் திட்டம் அதற்கு மாற்று ஆகாது. பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் முழங்கால் பயிற்சிகளை ஆறு வாரம் செய்து பாருங்கள். அதற்குள் படி இறங்கும் வலி பாதியாகவாவது குறையாவிட்டால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் காட்டுங்கள். போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். எந்த நாளில் எத்தனை தடவை, வலி எத்தனை என்ற குறிப்பைப் பார்த்தால் அவருக்குப் பாதி வேலை குறையும்.